எதுவும் நடக்கவில்லை

ஸ்த்ரிகூஃப் நெடுஞ்சாலைக் கிடங்கின் வாசல் ஜன்னலில்
ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
அந்த அறிவிப்பை ஒட்டியதும் நான்தான்.
கழிப்பறை ஊழியர்களுக்கு மட்டும்,
லாரி ஓட்டுநர்களுக்கு இல்லை.
ஆறு மொழிகளில்.
ஆறிலும் பிழை இருக்கக் கூடாதென்று
இரண்டு முறை சரிபார்த்தேன்.
அவமதிப்பு என்றாலும் சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா.

அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
யாரோ சொன்னது.
குடிப்பார்கள். சண்டை போடுவார்கள்.
வேலியோரம் ஒதுங்குவார்கள்.
ஒதுங்க வேறெங்கே விட்டோம் என்று
எனக்கு உறைக்க ஒன்பது குளிர்காலம் ஆயிற்று.
வண்டி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.
பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு படிவத்தில்,
கையெழுத்துக்கு மேலே,
எறும்பு நுழையும் அளவுக்கு.

ஜனவரி. மைனஸ் பதினொன்று.
ஏழாவது கதவில் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
ஏதோ ஆஸ்பத்திரியின் ஜன்னல்களாம்.
ஓட்டி வந்தவர் உள்ளே ஏறி
இறுக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுண்டினார்.
சுண்டிவிட்டுக் காது கொடுத்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
நான்காவதில் நின்றார்.
மறுபடி சுண்டினார்.
இறங்கி வந்து அரைகுறை போலிஷில் சொன்னார்:
"இது பேசவில்லை. எடுக்க மாட்டேன்."

மேலாளர் ஸ்விதர்ஸ்கி குதித்தார்.
நேரம் என்றார், அபராதம் என்றார்,
கடைசியில்
"நீ வெறும் டிரைவர்" என்றார்.

வெறும் கை. வெறும் வயிறு.
வெறும் டிரைவர்.
அந்தச் சொல்லை நானும் எத்தனை முறை
தேநீருக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி போட்டிருக்கிறேன்.

அவர் குரல் உயரவில்லை.
கையுறையைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார்.
"ஆமாம், டிரைவர்தான்.
ஏற்றியது நீங்கள். வளைவில் திரும்பப் போவது நான்.
பின்னால் ஒரு சின்னக் கார் வரும்.
அதில் யார் இருப்பார்கள் என்று
உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நாற்பது நிமிடம் வேலை நின்றது.
பிரித்துப் பார்த்தால்
மரச்சட்டத்தில் நகத்தளவு விரிசல்.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
ஆணி அடிக்கும் சத்தம்தான் கேட்டது.

கையெழுத்துப் போட என் ஜன்னலுக்கு வந்தார்.
கட்டத்தைப் பார்த்தேன்: ஒதார்.
அவர் அறிவிப்பைப் பார்த்தார்.
ஆறில் ஐந்தாவது அவருடைய ஜார்ஜிய மொழி.
முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன்.
"ஒரு எழுத்து தப்பு" என்றார்.
பேனாவை வாங்கி
கொக்கி போன்ற ஓர் எழுத்தை
பொறுமையாக, வட்டம் சிதையாமல்,
இருக்க வேண்டிய இடத்தில் செருகினார்.
தன்னை உள்ளே விடாத வாக்கியத்தை
இப்படி யாராவது திருத்திக் கொடுப்பார்களா?

என் சாவியை நீட்டினேன்.
வாங்கும்போது எதுவும் சொல்லவில்லை.
திரும்பி வந்தபோது தலை சீவியிருந்தது.

எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்றேன்.
இருபத்திரண்டு.
விபத்து?
யோசித்துவிட்டு,
"எதுவும் நடக்கவில்லை" என்றார்,
சாதித்ததைச் சொல்கிற தொனி துளியும் இல்லாமல்.

மோதியவனுக்குப் படம் போடுகிற பத்திரிகையில்
இதற்கு எந்தப் பக்கம்?
இருபத்திரண்டு வருடம் மோதாமல் போன கார்கள்,
வீடு போய்ச் சேர்ந்தவர்கள்,
சூப் ஆறிப்போனதற்காக
அன்றிரவு மனைவியிடம் கோபித்துக்கொண்டவர்கள்.
அவர்களில் ஒருத்தி நானாக இருக்கலாம்.
லோவிச் சாலையில் தினமும் என் சின்னக் கார்தான் வருகிறது.

அன்று மாலை அறிவிப்பைக் கிழித்தேன்.
திங்கட்கிழமை ஸ்விதர்ஸ்கி புதிதாக அச்சடித்து ஒட்டினார்.
ஐந்தாவது வரியில் அதே பிழை.

சாவி இப்போது ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது.
காற்றில் கண்ணாடியைத் தட்டுகிறது.
தெரிந்தும் தெரியாதவராக ஸ்விதர்ஸ்கி கடந்து போகிறார்.

எண்ணுக்குப் பதிலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுகிறேன்.
நாக்கு இடறுகிறது.
நேற்று ஒருவர் சிரித்துக்கொண்டே
மூன்று முறை திருத்தினார்.
நான்காவது முறையும் தப்பாகத்தான் சொன்னேன்.
வந்தார்.